அலாய் ரிம்முக்கு வீல் ஸ்பேசர்: அளப்பது முதல் மறுபடி இறுக்குவது வரை

புது அலாய் ரிம் போட்ட பிறகு டயர் உள்பக்கம் எங்கோ உரசுகிறது. அல்லது ரிம்மின் ஸ்போக் பிரேக் கேலிப்பரில் தட்டுகிறது. "ஒரு ஸ்பேசர் போட்டா சரியாயிடும் சார்" என்று கடையில் சொல்கிறார்கள். ஹப்புக்கும் (சக்கரம் மாட்டும் அச்சு முனை) ரிம்முக்கும் நடுவே வைக்கும் உலோக வட்டுதான் ஸ்பேசர். எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் ஒரு கடையில் 5, அடுத்த கடையில் 10, இன்னொரு கடையில் "15 போடுங்க, லுக்கும் வரும்" என்று பதில் வருகிறது. என் ஹோண்டா சிட்டிக்காக இப்படிக் கேட்டு அலைந்தபோது, எந்தக் கடையிலும் அளவுகோலை எடுத்து அளந்து பார்த்து யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் நானே உட்கார்ந்து அளந்து, கணக்குப் போட்டு, விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகக் கீழே தருகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பேசர் அழகுக்காகப் போடும் பொருள் அல்ல, அளவு பொருந்தாத ரிம்மைப் பொருத்திக்கொள்ளும் திருத்தம். இன்னும் ரிம் வாங்கவில்லை என்றால், சரியான ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு) உள்ள ரிம்மையே தேடி வாங்குங்கள். அதற்கு 2 வாரம் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. இந்தக் கட்டுரை ஏற்கெனவே ரிம் வாங்கிவிட்டவர்களுக்கு.

1. காரின் அளவுகளை எழுதி வையுங்கள்

கடைக்குப் போகும் முன் இந்த ஐந்தும் கையில் இருக்க வேண்டும்: பி.சி.டி. (நட் துளைகளின் எண்ணிக்கை × அவை அமைந்த வட்டத்தின் விட்டம், மி.மீ.யில்), நடுத்துளை, ஸ்டட்டின் (ஹப்பிலிருந்து நீட்டும் மரைத் தண்டு) மரை அளவு, நட் உட்காரும் பரப்பின் வடிவம், வீல் நட்டை இறுக்க வேண்டிய டார்க் (முறுக்கு விசை).

ஹோண்டா சிட்டிக்கு பி.சி.டி. 4×100, நடுத்துளை 56.1 மி.மீ., மரை எம்12×1.5 (ஸ்டட்டின் விட்டம் 12 மி.மீ., மரைச் சுற்றுகளுக்கு இடைவெளி 1.5 மி.மீ.), டார்க் 108 நியூட்டன் மீட்டர். நட் உட்காரும் பரப்பு உருண்டை வடிவம். உங்கள் கார் வேறாக இருக்கலாம். மாருதி ஸ்விஃப்டுக்கும் பி.சி.டி. அதே 4×100தான், ஆனால் நடுத்துளை 54.1, மரை எம்12×1.25. ஹூண்டாய் ஐ20 கூட 4×100, 54.1; மரை மட்டும் 1.5. ஃபோக்ஸ்வாகன் போலோ, வென்டோ 5×100, 57.1, அவற்றில் ஸ்டட்டே கிடையாது, எம்14×1.5 போல்ட்.

"நாலு நூறு ஸ்பேசர்" என்று கேட்டு வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பி.சி.டி. ஒன்றாக இருந்தாலும் நடுத்துளையோ மரையோ வேறாக இருந்தால் அந்த ஸ்பேசர் உங்கள் காருக்கானது அல்ல. 1.25 மரை ஸ்டட்டில் 1.5 மரை நட்டை வைத்தால் முதல் ஓரிரு சுற்று ஏறும், பிறகு பிடிக்கும். அங்கே நட் இறுக்கும் கன் வைத்து அழுத்தினால் ஸ்டட் போயிற்று. 5×112க்கும் 5×114.3க்கும் உள்ள 2.3 மி.மீ. வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியாது. "கொஞ்சம் தட்டினா ஏறிடும்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

2. பழைய ரிம்மையும் புது ரிம்மையும் கணக்கில் ஒப்பிடுங்கள்

ரிம்மின் பின்பக்கம் அகலமும் ஆஃப்செட்டும் (ஈ.டி.) பொறிக்கப்பட்டிருக்கும். 7ஜே என்றால் அகலம் 7 அங்குலம். ஈ.டி. 40 என்றால், ஹப்பில் ஒட்டும் பரப்பு ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 40 மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது. ஈ.டி. எண் கூடக்கூடச் சக்கரம் உள்ளே போகும், குறையக் குறைய வெளியே வரும். ஸ்பேசரின் தடிமன் ஈ.டி.யிலிருந்து கழியும். ஈ.டி. 40 ரிம்மில் 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் அது ஈ.டி. 35 போல நிற்கும்.

ஓர் உதாரணம். பழைய ரிம் 6ஜே, ஈ.டி. 45. புதிய ரிம் 7ஜே, ஈ.டி. 40.

6 அங்குலம் என்பது 152.4 மி.மீ., அதில் பாதி 76.2. உள்பக்கம்: 76.2 + 45 = 121.2. வெளிப்பக்கம்: 76.2 − 45 = 31.2.

7 அங்குலம் 177.8 மி.மீ., பாதி 88.9. உள்பக்கம்: 88.9 + 40 = 128.9. வெளிப்பக்கம்: 88.9 − 40 = 48.9.

ஆகப் புதிய ரிம் உள்ளே 7.7 மி.மீ., வெளியே 17.7 மி.மீ. நகர்ந்திருக்கிறது. 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் உள்பக்க நகர்வு 2.7 ஆகக் குறையும், வெளிப்பக்கம் 22.7 ஆகக் கூடும். டயரையும் 185லிருந்து 195 ஆக்கியிருந்தால் பக்கத்துக்குச் சுமார் 5 மி.மீ. கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே மிச்சமாகும் இடம் அத்தனையும் வெளிப்பக்கம் இழக்கும் இடம். அதனால் அடுத்த படியில் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும்.

3. ஸ்பேசர் உண்மையிலேயே தேவையா என்று காரில் அளந்து பாருங்கள்

புது ரிம்மை மாட்டி, சமதரையில் காரை நிறுத்தி, மட்கார்டு விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் வெளிச்சுவருக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். அதுதான் வெளிப்பக்கம் உங்களுக்கு இருக்கும் மொத்த இடம். பிறகு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, உள்பக்கம் டயருக்கும் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அங்கே 5 மி.மீ. இருந்தால் நான் ஸ்பேசர் பக்கமே போக மாட்டேன். கேலிப்பருக்கும் ஸ்போக்குக்கும் நடுவே 3 மி.மீ.யாவது வேண்டும். அதை அறிய களிமண் உருண்டையைக் கேலிப்பர் மேல் ஒட்டி, சக்கரத்தை மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றி, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்தால் போதும்.

தேவை என்று தெரிந்தால், தேவைப்படும் மிகக் குறைந்த தடிமனை மட்டும் எடுங்கள். உரசலை நீக்க 5 மி.மீ. போதுமென்றால் 15 போடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. சக்கரம் வெளியே வர வர வீல் பேரிங்கின் மேல் நெம்பும் விசை கூடுகிறது, மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் இழுக்கத் தொடங்குகிறது, மழையில் சேறு கதவெல்லாம் அடிக்கிறது. நம் சாலைகளில் முன்சக்கர பேரிங்குக்கு ஏற்கெனவே போதுமான வேலை இருக்கிறது.

ஒரே அச்சில் இடம், வலம் இரண்டுக்கும் ஒரே தடிமன். முன்னால் மட்டும் பிரச்சினை என்றால் முன்னால் மட்டும் போடலாம்.

4. பணம் கட்டும் முன் காகிதங்கள்

இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52 என்ன சொல்கிறது? ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. உற்பத்தியாளரின் மூல வடிவிலிருந்து விலகும் மாற்றங்களை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ(4) சேர்ந்தது: அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆகவே ஸ்பேசர் போடுவது சட்டத்தின் பார்வையில் பாதுகாப்பான இடம் அல்ல என்பதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றால், தேடி வராதவர்களையும் நீங்களே அழைத்தது போலாகும்.

இன்சூரன்ஸ் இன்னும் முக்கியம். வெளியில் வாங்கிய அலாயின் மதிப்பைப் பாலிசியில் கூடுதல் உபகரணமாகச் சேர்க்கச் சொல்லலாம். அதற்கு பில் வேண்டும். ஸ்பேசர் பற்றி நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் தொலைபேசியில் "ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்வது க்ளெயிம் நேரத்தில் உதவாது. "முடியாது" என்று பதில் வந்தால் அதை மதித்து ரிம்மை மாற்றுவதே நல்லது. கார் வாரன்டியில் இருந்தால் பேரிங், சஸ்பென்ஷன் புகார்களைச் சர்வீஸ் சென்டரில் ஏற்க மறுக்க வாய்ப்பு உண்டு. இதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கோப்பில் வைக்க வேண்டியவை: ரிம் பில், ஸ்பேசர் பில் (அளவுகள் எழுதியது), ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் கடிதம், பொருத்திய நாளும் கிலோமீட்டரும் குறித்த ரசீது.

5. வகையைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு வகை உண்டு. ஸ்டட்டில் நுழைத்து ரிம்மோடு சேர்த்து இறுக்கும் தட்டை வகை, பெரும்பாலும் 3 முதல் 10 மி.மீ. வரை. ஹப்போடு தனியாக நட் போட்டு இறுக்கி, அதிலேயே இருக்கும் ஸ்டட்டில் ரிம்மை மாட்டும் வகை, பெரும்பாலும் 15 மி.மீ.க்கு மேல்.

இரண்டிலும் முதலில் பார்க்க வேண்டியது, ரிம் நடுவில் சரியாக உட்காருகிறதா என்பது. ஹப்பின் நடுவில் வட்டமான ஒரு உதடு நீட்டிக்கொண்டிருக்கும். ரிம்மின் நடுத்துளை அதன் மேல் இறுக்கமாக உட்கார்ந்தால்தான் சக்கரம் சரியான மையத்தில் சுழலும். அந்த உதட்டின் உயரத்தை அளங்கள். 9 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 5 மி.மீ. தட்டை ஸ்பேசர் போட்டால் 4 மி.மீ. உதடு மீதி இருக்கும். ரிம் துளையின் பின்விளிம்பு சரிவாகக் கடைந்திருப்பதால் அதிலும் கொஞ்சம் வீணாகும். 10 மி.மீ. போட்டால் உதடு முழுக்க ஸ்பேசருக்குள் புதைந்துவிடும். ரிம் நட்டுகளை மட்டும் நம்பித் தொங்கும். 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் நடுங்க இது ஒன்றே போதும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் அந்த நடுக்கம் போகாது.

அதனால் 10 மி.மீ. தேவைப்பட்டால், தனக்கென்று ஓர் உதடு கடைந்த ஸ்பேசர்தான் வேண்டும். ஆனால் 56.1 உள்துளையும் 56.1 வெளி உதடும் உள்ள ஸ்பேசரை 10 மி.மீ. தடிமனில் வலுவாகக் கடைய முடியாது, இரண்டையும் இணைக்க உலோகமே மிஞ்சாது. வெளிச்சந்தை ரிம்களில் பலவற்றின் நடுத்துளை 73.1 மி.மீ. என்பது இங்கே நமக்குச் சாதகம். உள்ளே 56.1, வெளி உதடு 73.1 என்று கேட்டால் நல்ல கனமான சுவரோடு கிடைக்கும். துளையின் இடைவெளியை அடைக்கும் பிளாஸ்டிக் ஹப் ரிங்கும் தேவையில்லை. இதை ஆர்டர் செய்யும்போது தெளிவாக எழுதிக் கொடுங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால், 56.1 உதடுள்ள கனமான ஸ்பேசரை வாங்கி, அதன் மேல் 73.1லிருந்து 56.1க்கு அலுமினிய ரிங் போட வேண்டி வரும்.

தனியாக இறுக்கும் வகைக்கு ஓர் எச்சரிக்கை. காரின் பழைய ஸ்டட் ஸ்பேசரின் முகத்தைத் தாண்டி நீட்டக் கூடாது. ஸ்டட் 27 மி.மீ., ஸ்பேசர் 20 மி.மீ. என்றால் 7 மி.மீ. வெளியே நிற்கும். ரிம்மின் பின்பக்கம் துளைகளுக்கு இடையே அதற்கான குழி இருந்தால் சரி. இல்லையென்றால் ரிம் ஸ்பேசரோடு ஒட்டாது. ஸ்டட்டை அறுத்துவிடலாம் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பிறகு அந்தக் காரில் பழைய சக்கரத்தைப் போட முடியாது.

இரண்டு ஸ்பேசர்களை ஒன்றன் மேல் ஒன்று அடுக்குவதும், ஸ்பேசருக்குப் பதில் ஸ்டட்டில் வாஷர் கோர்ப்பதும் உயிரோடு விளையாடுவது. எந்தச் சூழலிலும் வேண்டாம்.

6. ஸ்டட், நட்: எண்ணிப் பாருங்கள்

தட்டை ஸ்பேசர் எத்தனை மி.மீ.யோ அத்தனை மரையை நட் இழக்கிறது. நட், குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரையில் ஏற வேண்டும். எம்12க்கு 12 மி.மீ. 1.5 மரையில் அது 8 முழுச் சுற்று; 1.25 மரையில் சுமார் 10 சுற்று. ஸ்பேசரையும் ரிம்மையும் மாட்டி, கையால் நட்டைத் திருகி, எண்ணுங்கள். உங்கள் மரைக்கான அந்த எண்ணிக்கை வரவில்லையென்றால் நீள ஸ்டட் போட்டே ஆக வேண்டும்.

நீள ஸ்டட் போட்டால் மூடிய முனை நட்டில் இன்னொரு சிக்கல். ஸ்டட்டின் நுனி மூடியில் இடித்து நிற்கும். டார்க் ரெஞ்ச் (குறித்த டார்க் வந்ததும் ஒலி எழுப்பும் ஸ்பேனர்) "டக்" என்று சொல்லும், ஆனால் ரிம் இறுகியிருக்காது. திறந்த முனை நட் வாங்குங்கள்.

நட்டின் வடிவமும் அதே அளவு முக்கியம். ஹோண்டாவின் ஒரிஜினல் நட் உருண்டைப் பரப்பு. வெளிச்சந்தை ரிம் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் இறுக்கினால் ஒரு கோட்டில் மட்டும்தான் தொடும். சில நூறு கிலோமீட்டரில் தளரும். புது ரிம்மோடு கூம்பு நட்டும் சேர்த்தே வாங்குங்கள்.

போல்ட் உள்ள கார்களில் போல்ட்டின் நீளம் ஸ்பேசரின் தடிமன் அளவுக்குச் சரியாகக் கூட வேண்டும். ரொம்ப நீளமானால் ஹப்புக்குப் பின்னால் டிரம்மிலோ ஏ.பி.எஸ். பாகத்திலோ இடிக்கும்.

7. வாங்குவது, விலை, காத்திருப்பு

சென்னையில் ஜி.பி. ரோட்டில் தேடலாம். மற்ற ஊர்களில் ஆன்லைன்தான் வழி. 6061-டி6 அல்லது 7075 அலுமினியத்தில் கடைந்தது என்று பில்லிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும். வார்ப்பில் செய்தது வேண்டாம், விரிசல் விடும். தெரிந்த லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். கடைபவரின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமில்லை. எந்த அலுமினியத் துண்டை எடுத்தார் என்பதற்கு ஆதாரம் இருக்காது, அதுதான் பிரச்சினை. ரிம்முக்காவது ஐ.எஸ். 16192 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது, வாங்கும்போது அந்த முத்திரையைப் பாருங்கள். பழைய ஸ்பேசர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

தோராயமாக ஆகும் செலவு, ஓர் அச்சுக்கு: தட்டை ஸ்பேசர் ஜோடி 1,000 முதல் 2,500 ரூபாய், உதடு கடைந்த நல்ல ஜோடி 4,000 முதல் 9,000, ஹெச் அண்ட் ஆர், ஐபாக் போன்ற ஜெர்மன் தயாரிப்புகள் 10,000க்கு மேல். நீள ஸ்டட்டும் திறந்த நட்டும் சேர்ந்து 2,000 வரை. ஸ்டட் மாற்றக் கூலி காருக்குக் கார் மாறும், சில கார்களில் முன் ஹப்பையே கழற்ற வேண்டியிருக்கும். முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். டார்க் ரெஞ்ச் 2,000 முதல் 4,000. இதை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடையில் இருப்பு இருந்தால் அன்றே கிடைக்கும். குறிப்பிட்ட அளவில் ஆர்டர் கொடுத்தால் 2 முதல் 4 வாரம் ஆகலாம். அதுவரை பழைய சக்கரத்தோடு ஓட்டுங்கள். உரசும் சக்கரத்தோடு "கொஞ்ச நாள்தானே" என்று ஓட்ட வேண்டாம்.

8. பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள்

ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கச் சொல்லுங்கள். அரை மில்லிமீட்டர் துரு இருந்தாலும் ஸ்பேசர் சாய்ந்து உட்காரும். ஸ்பேசரைக் கையால் வைத்து அழுத்தினால் ஆடாமல் முழுமையாக ஒட்ட வேண்டும். ஸ்டட் மரையில் எண்ணெய், கிரீஸ் தடவக் கூடாது. வழுக்கும் மரையில் அதே டார்க் அளவுக்கு ஸ்டட் அதிகமாக இழுபடும்.

நட்டுகளை முதலில் கையால், பிறகு எதிரெதிர் வரிசையில் ஸ்பேனரால், கடைசியில் காரைத் தரையில் இறக்கி டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். கன் வைத்து அடிக்க விடாதீர்கள். தனியாக இறுக்கும் வகையில், ஸ்பேசரைப் பிடிக்கும் உள் நட்டுகளையும் இதே போல ரெஞ்சால் இறுக்கிய பிறகே ரிம்மை மாட்ட வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தால் ஹப் சுற்றாது. எல்லாம் சேர்த்து அரை நாள் ஒதுக்குங்கள்.

பேலன்சிங் தேவை. ஸ்பேசர் சக்கரம் நிற்கும் கோணங்களை (டோ, கேம்பர்) மாற்றுவதில்லை, அதனால் அலைன்மென்ட்டுக்கு அவசரம் இல்லை. புது டயர் போட்டிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

9. ஓட்டிப் பார்த்து, மறுபடி இறுக்குங்கள்

மட்கார்டின் உள் விளிம்பில் சாக்பீஸ் தடவிவிட்டு, 5 பேரை ஏற்றிக்கொண்டு, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பிறகு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குங்கள். சாக்பீஸ் அழிந்திருந்தால் வெளிப்பக்கம் உரசுகிறது. தடிமனைக் குறைக்க வேண்டும், முடியாவிட்டால் அந்த ரிம் உங்கள் காருக்கு ஆகாது. மட்கார்டை மடிக்கச் சொல்வார்கள். பெயின்ட் விரிந்து துரு பிடிக்கும், நான் அதைச் சொல்ல மாட்டேன்.

50 முதல் 100 கி.மீ. ஓடியதும், சக்கரம் ஆறிய பிறகு, எல்லா நட்டையும் ரெஞ்சால் சரிபாருங்கள். தனியாக இறுக்கும் வகை என்றால் ரிம்மைக் கழற்றி உள் நட்டையும் பார்க்க வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை. 1,000 கி.மீ.யில் இன்னொரு முறை, அதன்பின் ஒவ்வொரு சர்வீஸிலும். நீண்ட பயணத்துக்கு முதல் நாள் ஸ்பேசர் போடாதீர்கள். ஊருக்குள் ஒரு வாரம் ஓட்டிய பிறகு நெடுஞ்சாலைக்குப் போங்கள்.

10. ஸ்டெப்னியை மறக்காதீர்கள்

73.1 உதடுள்ள ஸ்பேசர் மேல் 56.1 துளையுள்ள ஸ்டெப்னி ஏறாது. பஞ்சரானால் ஸ்பேசரைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்டெப்னியை மாட்ட வேண்டும். தனியாக இறுக்கும் வகையில் ஸ்பேசரின் உள் நட்டைக் கழற்றும் சாக்கெட்டும் காரில் இருக்க வேண்டும். ஸ்டெப்னிக்குக் கூம்பு நட் பொருந்தாது, ஒரிஜினல் உருண்டை நட் வேண்டும். நீள ஸ்டட் போட்டிருந்தால், மூடிய ஒரிஜினல் நட் நுனியில் இடித்துக்கொள்ளும் என்பதால், திறந்த முனை உருண்டை நட் 4 வாங்கி ஸ்டெப்னியோடு வையுங்கள். வீட்டு வாசலில் ஒருமுறை ஸ்டெப்னியை மாட்டிப் பாருங்கள். வண்டியை வீட்டில் வேறு யாராவது ஓட்டுவார்கள் என்றால் அவர்களையும் கூட வைத்துக்கொண்டு மாட்டிப் பாருங்கள்.